பனிப் பாலையில் ஒரு வாய்க்கால்

(சங்கத்தின் சித்திரை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் காலனியிலிருந்து மூன்று குடும்பத்தார், பெரியோரும் சிறுவருமாக ஒன்பது பேர், இரண்டு மோட்டார் வண்டிகளில் இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிதி என்னும் மலைநாடுகளுக்குச் சென்று சென்ற வாரம் மீண்டோம். அப்பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். பேசுவது ஒரு வாயாயினும், இது ஒன்பது பேரும் கூடியிருந்து எண்ணிப் பார்த்துச் சொல்லும் உரை என்றே கொள்ள வேண்டுகிறோம்.

பயணக் கட்டுரை என்றால் கண்ட இடங்களை வரிசையாகச் சொல்லி, எடுத்த படங்களைக் காட்டி முடிப்பது வழக்கம். படங்கள் பல உண்டு. கூட்டம் முடிந்தபின் பார்க்கலாம். ஆனால் எங்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது பனிமலையும் அன்று, பழைய கோயிலும் அன்று. ஒரு முழ அகலமுள்ள ஒரு சிறு வாய்க்கால். அதனைப் பற்றிப் பேசவே இங்கு நிற்கிறோம். ஏன் என்பது உங்களுக்குப் போகப் போக விளங்கும். சென்ற கோடையில் நம் தெருவில் தண்ணீர் டாங்கர் வந்து நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆற்றோடு ஏறிய வழி

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் விடியுமுன் தில்லியை விட்டுப் புறப்பட்டோம். முதல் நாள் சிம்லா. மறுநாள் நார்கண்டாவைக் கடந்து இறங்கி, ராம்பூருக்கு அருகே சட்லெஜ் ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டோம். அதன்பின் பல நாட்கள் அந்த ஆற்றையும் அதன் கிளையாற்றையும் விட்டு நாங்கள் பிரியவில்லை. சாலை செல்லும் திக்கு பழைய இந்துஸ்தான்–திபெத்து சாலையின் திக்கேயாகும். டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1850ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வழி அது. அன்று கோவேறு கழுதைகள் நடந்த மலைச்சரிவில் இன்று பேருந்துகள் ஓடுகின்றன. சில இடங்களில் பாறையைக் குடைந்து, மேலே பாறையே கூரையாக நிற்க, கீழே ஆறு முழங்க, வண்டி ஊர்ந்து செல்ல வேண்டும். ஓட்டுபவர் ஆற்றைப் பார்க்கலாகாது. பார்ப்பவர் ஓட்டுபவரோடு பேசலாகாது. இஃது எங்கள் வண்டியின் முதற்சட்டம்.

இவ்வாற்றின்மேல் நாத்பா ஜாக்ரி என்னும் நீர்மின் நிலையம் இருக்கிறது. அதன் ஆற்றல் 1,500 மெகாவாட். வடமாநிலங்கள் பலவற்றோடு தில்லிக்கும் அங்கிருந்து மின்சாரம் வருகிறது. இன்று இம்மன்றத்தில் எரியும் விளக்கிலும் அந்தப் பனிநீரின் பங்கு உண்டு என்று அங்கு நின்று நினைத்துக்கொண்டோம். மலையில் உருகும் பனி நமக்கு அயலானது அன்று என்று முதன்முதலில் தோன்றியது அவ்விடத்தில்தான்.

சித்திரை முதல் நாளைக் கல்பா என்னும் ஊரில் கொண்டாடினோம். வேப்பம்பூவையும் மாங்காயையும் தில்லியிலிருந்தே எடுத்துச் சென்றிருந்தோம். எதிரே 6,473 மீட்டர் உயரமுள்ள ஜோர்க்காண்டன் சிகரம். முற்றத்தில் வெண்மையும் செம்மையும் கலந்து பூத்து நின்ற சர்க்கரை பாதாமி மரங்கள். அந்த முற்றத்தில் அமர்ந்து பச்சடி உண்டோம். விடுதிக்காரர் ஒரு செய்தி சொன்னார். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் நாட்டின் பிற பகுதியினர் வாக்களிக்குமுன்பே, பனி வந்து வழி அடைத்துவிடும் என்பதால், இம்மலைநாட்டில் 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடந்தது. அன்று முதலில் வாக்களித்தவர் கல்பாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி. தம் 105ஆம் வயதில், 2022 நவம்பரில், மறைவதற்கு மூன்று நாள் முன்பும் அவர் வாக்களித்தார். பனிக்கு ஏற்பத் தேர்தலையே முன்தள்ளிய நாடு அது. அங்கே எதற்கும் நாள் குறிப்பது பனிதான்.

மழை நின்ற இடம்

கல்பாவை விட்டு மேலே செல்லச் செல்ல மரங்கள் குறைந்தன. பூஹ் என்னும் ஊரைக் கடந்தபின் பசுமை என்பது ஊர்களைச் சுற்றி மட்டும் ஒட்டியிருந்தது. மற்றெங்கும் மண்ணும் கல்லுமாக, சாம்பல், காவி, ஊதா என்று நிறம் மாறும் மலைகள். கப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. பாலத்தைக் கடந்து, ஸ்பிதி ஆற்றின் வழியே திரும்பினோம்.

தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் பெருமலைத் தொடர்களில் மோதி இப்பாலேயே நீரை இறக்கிவிடுகின்றன. அப்பால் செல்வது வெறுங்காற்றே. ஆகவே மலைக்கு இப்புறம் காடு, அப்புறம் பாலை. லாகூல் ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 13,800 சதுரக் கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கு வாழ்வோர் 31,564 பேர். சதுரக் கிலோமீட்டருக்கு இரண்டே பேர்! நம் தில்லியில் அதே அளவு நிலத்தில் 11,320 பேர். நிலம் இல்லாமலன்று, நீர் இல்லாமலே அங்கு மக்கள் குறைவு.

நம் முன்னோர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. மலையும் காடும் தம் வளம் இழந்தால் அவையே பாலை என்றனர். பாலை என்றவுடன் நமக்குச் சுடுமணலும் கானலும் நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பியம் வேனிலோடு பின்பனிக் காலத்தையும் பாலைக்கு உரியதாகச் சொல்கிறது. பள்ளியில் அதைப் படித்தபோது எங்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. விரல் விறைக்கும் குளிரில், நா வறண்டு, புழுதி பறக்கும் மலைச்சரிவில் நின்றபோது குளிரும் வறட்சியும் ஓரிடத்தில் கூடும் என்பதைக் கண்ணால் கண்டோம்.

அந்நாட்டில் மழை இல்லை. ஏரி வெட்டி மழைநீரைத் தேக்க வழியில்லை. குளிர்காலத்தில் விழும் பனிதான் அவர்களுடைய ஏரி. அது மலைமேல் தேங்கி நின்று, வெயில் ஏற ஏற உருகி இறங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. விதைப்பு சித்திரையிலும் வைகாசியிலும் நடக்க வேண்டும். பிந்தினால் பயிர் முற்றுமுன் மீண்டும் குளிர் வந்துவிடும். ஆனால் உச்சிகளில் உள்ள பெரும்பனி நன்றாக உருகுவது ஆனிக்குப் பிறகே. ஆகவே பூக்கள் மலரும் இளவேனிற் காலமே அங்குத் தண்ணீர்ப் பஞ்ச காலம். பார்க்கப் போகிறவர்களுக்கு அழகு மிகுந்த பருவம். வாழ்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும் பருவம்.

கல் விழும் நேரம்

நாக்கோ என்னும் ஊர் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு ஏரியின் கரையில் அமைந்துள்ளது. அங்கு ஓர் இரவு தங்கினோம். மறுநாள் விடியலில் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் காலைச் சிற்றுண்டி, ஏரிக்கரையில் படம், மீண்டும் ஒரு தேநீர் என்று பொழுது ஏறிவிட்டது. அதன் பலனைச் சும்தோ சோதனைச் சாவடியைக் கடந்து ஸ்பிதிக்குள் நுழைந்த பின் கண்டோம். மலைச்சரிவு ஒன்று இடிந்து சாலையை மூடிக்கிடந்தது. எங்களுக்கு முன்னே பத்துப் பதினைந்து வண்டிகள்.

எல்லைப்புறச் சாலைகளை 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எல்லைச் சாலை அமைப்பு பேணி வருகிறது. அதன் ஆட்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்து, “ஊர் எந்தப் பக்கம் அம்மா?” என்று தமிழில் வினவினார். வேலூருக்கு அருகில் ஒரு சிற்றூர் அவருடையது. எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமா? ஆனால் தம்பி மகிழ்ச்சியோடு நிற்கவில்லை. அன்போடு கடிந்தும் கொண்டார்.

“இரவில் பனி இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும், ஐயா. பகலில் வெயில் பட்டால் பிடி விட்டுப்போகும். பிற்பகலில் இந்த வழியில் வரலாகாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு இங்கே நிற்காதீர்கள். மேலே ஓர் ஊர் இருக்கிறது. இரவு அங்கே தங்குங்கள். நாளை நண்பகலுக்குள் வழி திறப்போம்.”

எங்கள் சோம்பலுக்கு விலை இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். அவர் சொற்படியே வண்டிகளைத் திருப்பி, மேட்டு ஊருக்கு ஏறினோம்.

ஒரு குவளை நீர்

அவ்வூரில் இருபது வீடுகளுக்கு மேல் இரா. மண்சுவர், தட்டையான மண்கூரை, கூரை விளிம்பில் விறகும் சுள்ளியும் அடுக்கியிருந்தன. “ஜூலே” என்று வணங்கி ஒரு மூதாட்டி எங்களை உள்ளே அழைத்தார். அவரும் மருமகளும் மட்டுமே வீட்டில் இருந்தனர். மகன் கூலி வேலைக்குக் கீழே போயிருந்தான். நடுவில் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றிக் கம்பளம். உப்பும் வெண்ணெயும் இட்ட தேநீர் வந்தது. பார்லி மாவில் செய்த கஞ்சி வந்தது. மருமகளுக்கு இந்தி நன்றாக வந்தது; பாட்டிக்குச் சில சொற்கள்.

வாசலில் குழாய் இருந்தது. திறந்தோம், நீர் வரவில்லை. “உள்ளே உறைந்திருக்கிறது, இன்னும் சில நாள் ஆகும்” என்றாள் மருமகள். உணவுக்குப்பின் ஒரு வாளி நீரை எங்கள்முன் வைத்தார் பாட்டி. ஒன்பது பேருக்கு ஒரு வாளி. எங்களோடு வந்த பத்து வயதுப் பையன், நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோலவே, ஒரு குவளை மொண்டு, வாய் கொப்பளித்து, எஞ்சிய முக்காற்குவளையை வாசற்படியில் வீசி ஊற்றினான்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முகமும் மாறவில்லை. அந்த ஈரம் மண்ணில் சுவறுவதை ஒரு கணம் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த ஒரு தகரத்தை எடுத்து முதுகில் கட்டிக்கொண்டு, இருட்டத் தொடங்கிய வழியில் நடந்தார். எங்களுள் இருவர் தடுத்தோம், கேட்கவில்லை. கூடவே சென்றோம். ஊற்றுக்கண் வீட்டிலிருந்து அரை மணி நேர ஏற்றத்தில் இருந்தது. அந்த உயரத்தில் கடல்மட்டத்தில் உள்ள உயிர்க்காற்றில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். பத்தடிக்கு ஒரு முறை நாங்கள் நின்றோம். எழுபது வயதுக்கு மேற்பட்ட அவர் எங்களுக்காக நின்றார். பனிக்கட்டியின் ஓரத்தை உடைத்து, கிண்ணத்தால் மொண்டு மொண்டு தகரத்தை நிரப்பினார். திரும்பும்போது தகரத்தை எங்களிடம் தரவும் இசையவில்லை. “விருந்தினர் சுமக்கலாகாது” என்பதே அவர் சைகையின் பொருள்.

அன்றிரவு பையனை யாரும் திட்டவில்லை. அவன் தாய் மட்டும் நடந்ததை அவனிடம் சொன்னாள். அவன் கம்பளத்தைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டான். உறங்கினான் என்று சொல்ல இயலாது. நாங்களும் உறங்கவில்லை. அவன் செய்த தவறு எங்கள் வீட்டுப் பாடம்தானே?

வாய்க்காலின் சட்டம்

மறுநாள் காலை ஊரே மலைச்சரிவில் கூடியிருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து, குளிர்காலத்தில் தூர்ந்துபோன வாய்க்காலைச் சீர்செய்துகொண்டிருந்தனர். இவ்வாய்க்காலைக் ‘குல்’ என்கிறார்கள். பனி உருகும் இடத்தில் தலைவாய் வைத்து, மலைச்சரிவை ஒட்டிக் கல் பதித்து, சில ஊர்களில் பல கிலோமீட்டர் தொலைவுக்கும் நீரைக் கொணர்கின்றனர். ஊருக்கு மேலே ஒரு வட்டக் குளம். இரவெல்லாம் மெல்ல வரும் நீர் அதில் சேரும். காலையில் மடையைத் திறப்பார்கள். வயல்களுக்குப் பாய்ந்து மாலையில் குளம் வற்றும். மீண்டும் மடையை அடைப்பார்கள். இப்படி நாள்தோறும் ஒரு குளத்து நீரை ஊரார் முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள்.

இதைக் கேட்டதும் எங்களுள் மூத்தவர் கண் கலங்கினார். அவர் செங்கற்பட்டு மாவட்டத்து ஏரிப்பாசன ஊரினர். “எங்கள் ஊரிலும் நீர்க்கட்டி இருந்தார், மடை திறப்பதும் முறை சொல்வதும் அவர் வேலை. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் சென்று ஏரி வாய்க்காலைத் தூர் எடுப்போம். அதைத்தான் குடிமராமத்து என்றோம்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலக் காற்சட்டையை மடித்துக்கொண்டு கல் தூக்க இறங்கினார். எங்களுள் மேலும் இருவர் இறங்கினோம். அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கிற்று. ஊரார் சிரித்து எங்களை அமரச் செய்தனர். மொழி தெரியாத ஊரில் நாங்கள் சிரிப்புக்கு உரியவரான அந்த அரைமணி நேரம், பயணத்திலேயே இனிய நேரம்.

அம்முறையில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஸ்பிதியில் பழங்காலத்தில் முதலில் குடியேறிய குடும்பங்களுக்குப் ‘பெரிய வீடு’ என்று பெயர். நீரில் முதல் உரிமை அவர்களுக்கே. பின்வந்தோர் அவர்களிடம் நீரை வாங்கவேண்டும். அல்லது அவர்கள் பாய்ச்சிய பிறகு பெறவேண்டும். எங்களுக்கு இடந்தந்த வீடு பெரிய வீடு அன்று. கடைசி முறை உடைய வீடு. பெரிய வீடுகளின் வயல் நனைந்த பின்னரே அவர்கள் வயலுக்கு நீர் வரும்.

அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஊரில் தண்ணீருக்குக் கடைசியாக நிற்கும் வீடு, முன்பின் அறியாத ஒன்பது பேருக்கு ஒரு வாளி நீரை முன்வைத்தது.

மண் கோயில்

நண்பகலில் வழி திறந்தது. வேலூர்த் தம்பியிடம் விடைபெற்று, தாபோ சேர்ந்தோம்.

தாபோ மடம் கி.பி. 996ஆம் ஆண்டில் குகே நாட்டு அரசர் யேஷே ஓட் காலத்தில் எழுந்தது. 46 ஆண்டுகளுக்குப்பின் 1042இல் புதுப்பிக்கப்பெற்றது. அங்கே தாபோ எழும்பியபோது இங்கே நம் தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் எடுத்த பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. ஒன்று கருங்கல்லில் வானளாவியது. மற்றது வெயிலில் காய்ந்த மண்கல்லில் தாழ்ந்து அமர்ந்தது. உள்ளே இருள்; கண் பழகியதும் சுவரெங்கும் ஓவியங்களும் சுதை உருவங்களும் மெல்லத் தோன்றுகின்றன. உள்ளே படம் எடுக்க இசைவு இல்லை. நல்லதுதான், பார்த்துக்கொண்டு மட்டும் நின்றோம்.

மண்சுவர் ஆயிரம் ஆண்டு எப்படி நின்றது? மழை இல்லாமையால் நின்றது. எந்த வறட்சி பாட்டியை இருட்டில் ஊற்றுக்கு அனுப்பியதோ, அதே வறட்சி அந்த ஓவியங்களைக் காத்திருக்கிறது. அந்நாட்டில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

அங்கிருந்து காசா, பின்னர்ச் சிறு பகுதி மேலே கிப்பர் சாலை. ஏறத்தாழ 4,000 மீட்டரில் எங்கள் வண்டியில் இருந்த ஓர் அம்மையாருக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டன. ஊர் பார்க்கும் ஆசையை விட்டு உடனே இறங்கி, அன்றிரவே தாபோ திரும்பினோம், காலையில் நலமானார். செல்ல எண்ணும் குடும்பத்தினர் இதை மனத்திற்கொள்க: மெல்ல ஏறுங்கள், தலைநோய் கண்டால் மேலும் ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். காசாவுக்கு அப்பால் குன்சும் கணவாய் ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரத்தில் பனி மூடிக் கிடந்தது. அது திறக்க வைகாசிக் கடைசியோ ஆனியோ ஆகும். ஆகவே இளவேனிலில் போன வழியேதான் திரும்ப வேண்டும். அப்படித் திரும்ப நேர்ந்ததை நற்பேறு என்றே இன்று கருதுகிறோம்.

பனியைச் சேமிப்போர்

காசாவில் எங்களோடு ஓர் உணவு விடுதியில் அமர்ந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், அண்மை ஆண்டுகளில் பனி விழும் காலமும் அளவும் நம்ப முடியாதவையாகிவிட்டன என்று கவலையோடு சொன்னார். முன்பு பார்லியும் கருப்புப் பட்டாணியும் விதைத்த வயல்களில் இப்போது விலைக்குப் போகும் பச்சைப் பட்டாணி. பணம் வருகிறது, நீரும் மிகுதியாக வேண்டியிருக்கிறது.

ஆயினும் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. பக்கத்து லடாக்கில் செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர் ஓர் எளிய வழி கண்டார். குளிர்காலத்தில் பயனின்றி ஓடும் ஓடைநீரை ஊருக்கு அருகே, நிழல் விழும் பள்ளங்களில், கல்வரப்பு கட்டித் தேக்கினார். அது அங்கேயே உறைந்து பனிக்கட்டியாகிறது. உச்சிப் பனி உருகுமுன்பே, தாழ்வில் உள்ள இக்கட்டி விதைப்புக் காலத்தில் உருகி வயலுக்கு வருகிறது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பிறகு சோனம் வாங்சுக் என்பவர் அதே நீரைக் குழாய்வழி மேலெழுப்பித் தெளித்து, தூபி வடிவில் பனிக்கூம்பாக உறையச் செய்தார். கூம்பானால் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆகவே மெல்ல உருகும். லாகூலிலும் சன்ஸ்காரிலும் பெண்கள் வயல்மேல் கிடக்கும் பனியில் மண்ணைத் தூவுகிறார்கள். கருமண் வெயிலை உறிஞ்சி, பனி விரைந்து கரைகிறது. இவை யாவும் ஒரு மாதத் தண்ணீரை முன்னே பெறுவதற்கான முயற்சிகள். ஒரு மாதம்தான், ஆனால் விளைச்சல் அந்த ஒரு மாதத்தில் இருக்கிறது.

நாங்கள் கொண்டுவந்தது

திரும்பும் வழியில், இம்முறை விடியலிலேயே புறப்பட்டு, மேட்டு ஊரில் வண்டியை நிறுத்தினோம். பாட்டி வீட்டில் இல்லை, வயலில் இருந்தார். வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அவர்கள் முறை. மாமியும் மருமகளும் மண்வெட்டியோடு ஓடி ஓடி வரப்பை வெட்டுவதும் அடைப்பதுமாக இருந்தனர். எங்களைக் கண்டு கையசைத்தனர். நின்று பேச நேரமில்லை. மருமகள் எதிர்மலையில் ஒரு பாறையைக் காட்டிச் சொன்னாள்: “வெயில் அந்தப் பாறையைத் தொடும்வரை எங்கள் முறை. அதன்பின் பக்கத்து வயல்.”

வெயில் பாறையைத் தொட்டது. பாட்டி மண்வெட்டியால் இரண்டு வெட்டு மண்ணை எடுத்துத் தம் வாய்க்காலை அடைத்தார். அவர் வயலில் ஒரு மூலை இன்னும் நனையாமல் கிடந்தது. அடைத்தபின்னரே எங்கள் அருகில் வந்தார். பையன் முன்னே சென்று அவர் காலைத் தொட்டு வணங்கினான். அவர் அவன் கன்னத்தை ஈரக்கையால் தடவினார். அந்த ஈரத்தை அவன் நெடுநேரம் துடைக்கவில்லை.

பெரியோர்களே! சென்ற கோடையில் நம் தெருவில் டாங்கர் வந்தபோது நடந்ததை இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். முன்வரிசை வீட்டார் நாங்கள். காலனி கட்டியவுடன் முதலில் குடிவந்தவர்கள். ஆகவே குழாய் முதலில் எங்கள் வாசலுக்கே வரவேண்டும் என்றோம். பின்வரிசையில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத் தண்ணீர் எட்டுமுன் டாங்கர் வற்றியது. அன்று பேசிய சொற்கள் இரு வரிசைகளையும் பிரித்தன. பொங்கல் விழாவுக்கு ஒரு பகுதியார் வரவில்லை. ஒரே மொழி பேசி, ஒரே மன்றத்தில் கூடும் நாம், ஒரு வாளியால் இரண்டானோம். அதற்கு முன்னின்றவர்களில் இம்மூன்று குடும்பங்களும் உண்டு. இதை இந்த மேடையில் சொல்ல வெட்கப்படுகிறோம். சொல்லாமல் இருக்க அதைவிட வெட்கப்படுகிறோம்.

‘பெரிய வீடு’ என்ற முறை மலைமேல் மட்டும் இல்லை. நம்மிடமும் இருந்திருக்கிறது. அவர்களுடைய உரிமைக்கு நூற்றாண்டுகளின் வழக்கம் உண்டு. எங்கள் உரிமைக்குச் சில மாத முந்துதல்தான் உண்டு. அம்மலைநாட்டிலிருந்து முதல்வந்தோர் உரிமையை நாம் கொணர வேண்டா. வெயில் பாறையைத் தொட்டதும், தம் வயல் நனையாதிருந்தும், தம் கையாலேயே மடையை அடைத்தாரே, அதனைக் கொணர்வோம்.

கோடை தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் டாங்கர் வரும். செயலாளரிடம் ஒரு முறைப்பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு இத்தனை வாளி. வாரத்துக்கு ஒரு முறை வரிசை மாறும். நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீடுகள் எந்த வாரமும் முதலில். இது முடிவன்று, நீங்கள் கூடித் திருத்துங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். முதல் வாரப் பட்டியலில் கடைசியாக எழுதியிருக்கும் மூன்று வீடுகளை மாற்றாதீர்கள். அவை எங்கள் வீடுகள்.

மன்றத்தின் வாயிலில் குடிநீர்க் குடத்தருகே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நின்றுகொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். குவளையில் பாதி மட்டுமே மொண்டு தருகிறான் என்று சிலர் குறைபட்டதாக அறிந்தோம். வேண்டுமானால் மறுபடியும் கேளுங்கள், மறுக்காமல் தருவான். முதலில் தந்ததைப் பருகி முடித்திருக்க வேண்டும், அவ்வளவே.